குரூப்பைப் பூட்டலாமா?

கேள்வி:

டாக்டர், வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்புக்கு நான்தான் அட்மின். தேனியிலிருந்து சிங்கப்பூர் வரை 74 பேர் இருக்கிறோம். 2021 மே மாதம் எங்கள் அத்தைக்கு மூச்சு வாங்கியபோது, ராத்திரி இரண்டு மணிக்குக் கோவையில் ஆக்சிஜன் பெட் கிடைத்தது இந்தக் குரூப்பால்தான். அதே மாதம் அதே குரூப்பில் ஒருவர் போட்ட மருந்துச் சீட்டைப் பார்த்து எங்கள் பெரியப்பா மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். அவர் சுகர் பேஷண்ட். கருப்புப் பூஞ்சை வந்து ஒரு கண் போய்விட்டது. சீட்டைப் போட்டவரும் நல்ல மனசோடுதான் போட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. 2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. என்ற வைரஸ் பரவுகிறது என்று செய்தி வந்ததும் ஒரே நாளில் நூறு ஃபார்வர்டுக்கு மேல் வந்தது. எனக்குப் பழையதெல்லாம் ஞாபகம் வந்து, அட்மின் மட்டும்தான் போடலாம் என்று குரூப்பை மாற்றிவிட்டேன். சித்தப்பா கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டே போய்விட்டார், அதோடு பேச்சும் நின்றுவிட்டது. நான் செய்தது சரியா? நாளைக்கு நிஜமாகவே ஒரு புது நோய் வந்தால் எங்களைப் போன்றவர்கள் எதை நம்புவது, எதைப் பகிர்வது? இன்னொன்று, இந்த மாதிரி செய்தி வர ஆரம்பித்தால் ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நிறுத்த முடியவில்லை.

பதில்:

வணக்கம் அம்மா. கேட்டதற்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன், பூட்டியது சரியில்லை. உங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள், ஆனாலும் சரியில்லை. பூட்டிய குரூப்பில் தப்பான செய்தி வராது என்பது உண்மைதான், ஆனால் அத்தைக்கு மூச்சு வாங்குகிறது என்ற செய்தியும் வராது. ஃபார்வர்டுகளும் நிற்கப் போவதில்லை. தனித்தனி போன்களில், உங்கள் கண்ணுக்கே படாமல் ஓடிக்கொண்டிருக்கும். குரூப்பில் வந்தாலாவது ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர் ‘இது போன வருஷமே வந்ததாச்சே’ என்று சொல்வார்.

குடும்பத்தில் சமாதானம் ஆகட்டும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பொது சுகாதாரத்தில் வேலை செய்கிறவர்களுக்கே ஒரு புது நோயைப் பற்றிய முதல் தகவல் பல சமயம் ஜனங்களின் பேச்சிலிருந்துதான் வருகிறது. நோய்ப் பரவல் பற்றிய முதல் செய்திகளில் 60 சதவீதத்துக்கு மேல் அதிகாரபூர்வமில்லாத வழிகளில் வந்தவை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. வதந்தி என்று நாம் ஒதுக்குவதற்குள்தான் அதுவும் கிடக்கிறது.

2003 பிப்ரவரியில் சீனாவின் குவாங்சோ நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். ஆளைக் கொல்லும் ஒரு காய்ச்சல் வந்திருக்கிறது என்று போனுக்குப் போன் எஸ்.எம்.எஸ். பறந்தது. அரசு வாயைத் திறக்கவில்லை. என்ன நோய், எப்படிப் பரவுகிறது, எத்தனை பேருக்கு என்று ஒன்றும் தெரியாத ஜனங்கள் கடைகளில் இருந்த வினிகரையும் பான்லான்கென் என்ற மூலிகை வேரையும் அள்ளிக்கொண்டு போனார்கள், வினிகரைக் கொதிக்க வைத்து வீடெல்லாம் ஆவி பரப்பினால் கிருமி போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. (நம் ஊரில் 2020-ல் எந்தெந்தக் கடை முன்னால் கூட்டம் நின்றது என்று நினைத்துப் பாருங்கள், ஆள்தான் வேறு.) அதே நாட்களில், அந்த ஊரில் இருந்த ஒருவர் ஆசிரியர்கள் பேசும் ஓர் இணைய அரட்டையில், இங்கே ஆஸ்பத்திரிகளை மூடிவிட்டார்கள், ஜனங்கள் சாகிறார்கள் என்று எழுதினார். அது ஒருவர் மாற்றி ஒருவராக அமெரிக்காவில் ஒரு மருத்துவரின் காதுக்குப் போனது. அவர் அதை ப்ரோமெட் என்ற சேவைக்கு எழுதினார். தொற்றுநோய் ஆய்வாளர்கள் 1994-ல் ஆரம்பித்த மின்னஞ்சல் வலை அது. பிப்ரவரி 10-ம் தேதி அது உலகம் முழுக்கப் போனது, மறுநாள் சீன அதிகாரிகள் 305 பேருக்கு நோய், 5 பேர் இறப்பு என்று அறிவித்தார்கள். சார்ஸ் என்று பின்னால் பேர் வைக்கப்பட்ட நோய் அதுதான்.

எஸ்.எம்.எஸ்ஸும் வதந்திதான், அரட்டையில் வந்ததும் வதந்திதான். ஆனால் அந்த மருத்துவர் ‘ஆஸ்பத்திரிகளை மூடிவிட்டார்கள்’ என்று அறிவிப்பாக எழுதவில்லை. இப்படி ஒருவர் சொல்கிறார், வேறு யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டுத்தான் எழுதினார். யார் சொன்னது, அவர் எந்த ஊரில் இருக்கிறார், தன் காதுக்கு எப்படி வந்தது என்பதும் அதில் இருந்தது. 2019 டிசம்பர் 30-ம் தேதி வூகானில் காரணம் தெரியாத நிமோனியா என்று அதே ப்ரோமெட் போட்ட முதல் செய்தியும், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்ற கோரிக்கையாகத்தான் போனது. உங்கள் குரூப்புக்கு நான் சொல்லப்போகும் முக்கியமான விஷயமும் இவ்வளவுதான். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள், காதால் கேட்டதைக் கேள்வியாகக் கேளுங்கள்.

லீ வென்லியாங் என்ற வூகான் கண் மருத்துவரை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதே டிசம்பர் 30 அன்று, தன்னோடு மருத்துவம் படித்தவர்களின் வீசாட் குரூப்பில், கடல் உணவுச் சந்தையிலிருந்து வந்த ஏழு பேருக்கு சார்ஸ் என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் அவரே, கொரோனா வைரஸ் என்பது உறுதி, எந்த வகை என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று திருத்திப் போட்டார். வெளியே பரப்ப வேண்டாம், வீட்டில் உள்ளவர்களை மட்டும் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். ஸ்க்ரீன்ஷாட் வெளியே போய்விட்டது. அதில் சார்ஸ் என்ற வார்த்தையும் அவர் பெயரும் இருந்தன, திருத்தம் அந்த அளவுக்குப் போகவில்லை. ஜனவரி 3-ம் தேதி போலீஸ் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியது, பிப்ரவரி 7-ம் தேதி அந்த நோயிலேயே இறந்துபோனார். வாயை அடைத்தவர்கள் செய்த கெடுதல் பெரியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடவே ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிற எல்லோரும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு செய்தி கிளம்பிய இடத்தில் அதற்குத் தேதி இருக்கும், ஆள் இருக்கும், பின்னாலேயே திருத்தமும் வரும். நாலு கை மாறினால் இது எதுவுமே இருக்காது.

இனி உங்கள் குரூப்புக்கு வருவோம். எச்.எம்.பி.வி. நேரத்தில் வந்த நூறு செய்தியில் எத்தனைக்குத் தேதி இருந்தது? சீன ஆஸ்பத்திரியில் கூட்டம் என்று ஒரு வீடியோ என் போனுக்கும் வந்தது, அது எந்த வருஷத்தது, எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று அனுப்பிய யாருக்கும் தெரியாது. எச்.எம்.பி.வி. புதுக் கிருமியே இல்லை. 2001-லேயே நெதர்லாந்தில் கண்டுபிடித்துவிட்டார்கள், குழந்தைகளுக்கு வரும் சளிக் காய்ச்சலில் அதற்கும் ஒரு பங்கு உண்டு, நம் ஊரிலும் வெகு காலமாக இருந்துகொண்டிருந்தது. பெங்களூரில் குழந்தைகளுக்கு இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்ததும், பிறகு சென்னையில் ஒன்று, சேலத்தில் ஒன்று என்று வந்ததும், ‘வந்துவிட்டது’ என்று எழுதினார்கள். தேடினார்கள், கிடைத்தது, அவ்வளவுதான். இந்த ஒரு வரியை அன்றைக்குக் குரூப்பில் யாராவது சொல்லியிருந்தால் பாதி பயம் அடங்கியிருக்கும், ஆனால் அதற்குக் குரூப் திறந்திருக்க வேண்டுமே.

செய்தியை எடை போட ஒரு சுலபமான அடையாளம் போனிலேயே இருக்கிறது. பலமுறை கைமாறிய செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி வரும். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று வாட்ஸப் கட்டுப்படுத்தியது, அதனால் அந்த வகைச் செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாகவும் அந்த நிறுவனம் சொன்னது. இரட்டை அம்பு இருந்தாலே பொய் என்று அர்த்தமில்லை. அனுப்பியவருக்கும் அந்தச் செய்திக்கும் சம்பந்தமில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ‘பத்து விநாடி மூச்சைப் பிடிக்க முடிந்தால் கொரோனா இல்லை’ என்று ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்ததே, அதை நம்பி நிம்மதியாகப் படுத்தவர்களை நான் அறிவேன். நோய் நன்றாக முற்றிய பிறகும் இளவயதுக்காரர்கள் பத்து விநாடி மூச்சைப் பிடிப்பார்கள். எந்த நோயும் இல்லாத எழுபது வயதுப் பாட்டிக்கு அது முடியாமல் போகும். நாலு மணி நேரம் டியூட்டி பார்த்த எந்த நர்ஸுக்கும் இது தெரியும், ஆனால் அந்தச் செய்தியில் யாரும் எந்த நர்ஸையும் கேட்கவில்லை.

மருந்துச் சீட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது இதுதான். 2021-ல் வந்த ஃபார்வர்டுகளிலேயே ஆபத்தானது எது என்று கேட்டால் வேப்பிலையையும் வெங்காயத்தையும் நான் சொல்ல மாட்டேன், நிஜமான டாக்டர் நிஜமான நோயாளிக்கு எழுதிய நிஜமான சீட்டைத்தான் சொல்வேன். லெட்டர்பேடு இருக்கும், கையெழுத்து இருக்கும், ஐவர்மெக்டின், டாக்ஸிசைக்ளின், ஜிங்க், வைட்டமின் சி, கீழே ஒரு வரியில் டெக்ஸாமெத்தசோனோ மெத்தில்பிரெட்னிசலோனோ இருக்கும். ‘என் மச்சானுக்கு இதுலதான் சரியாச்சு’ என்று கூடவே ஒரு வாய்ஸ் நோட். எதுவுமே பொய் இல்லை. மச்சானுக்குச் சரியானதும் உண்மைதான், பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு வெறும் பாராசிட்டமாலிலும் சரியாகியிருக்கும் என்பது மட்டும்தான் அதில் இல்லை.

அந்தக் கடைசி வரி ஸ்டீராய்டு. 2020 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த ரெக்கவரி ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் உயிரைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்தது, கொரோனாவுக்கு அப்படி உறுதியாகத் தெரிந்த முதல் மருந்தே அதுதான், விலையும் கொஞ்சம். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் வைத்திருந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. அதாவது ஒரே மாத்திரை எட்டாம் நாள் ஆக்சிஜனோடு படுத்திருப்பவருக்கு உயிர், இரண்டாம் நாள் வீட்டில் லேசான காய்ச்சலோடு இருப்பவருக்குக் கெடுதல். சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரை எகிறும், எதிர்ப்புச் சக்தி அடங்கும், அந்த இடைவெளியில் பூஞ்சை உள்ளே வரும். 2021 மே மாதம் கருப்புப் பூஞ்சையை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாட்டில் அறிவிக்கிற அளவுக்கு வந்தது. சீட்டில் மருந்துப் பெயர் இருக்கும். எத்தனையாவது நாள், ஆக்சிஜன் சாச்சுரேஷன் எவ்வளவு, சுகர் இருக்கிறதா, எத்தனை நாளில் நிறுத்தச் சொன்னார்கள் என்பதெல்லாம் டாக்டர் வாயால் சொன்னது, அது போட்டோவில் வராது.

ஆகவே குரூப்பில் ஒரே ஒரு தடை போடுவதாக இருந்தால் இதற்குப் போடுங்கள். ஒருவருடைய மருந்துச் சீட்டு இன்னொருவருக்குப் போகக் கூடாது. மற்றதையெல்லாம் விட்டுப் பிடிக்கலாம், இதை விடக் கூடாது. கபசுரக் குடிநீர் குடிக்கச் சொல்லும் செய்தி வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். 2020-ல் அரசே வீடு வீடாகக் கொடுத்தது, பெரியவர்களுக்கு அதில் ஒரு தெம்பு. குடிக்கட்டும், ஆனால் குடித்தோமே என்று ஆக்சிஜன் அளவைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லாப் பொய்க்கும் ஒரே அளவு கோபப்பட்டால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு போய்விடும். ஈரானில் 2020 மார்ச், ஏப்ரலில் சாராயம் குடித்தால் கொரோனா வராது என்று நம்பி மெத்தனால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். மஞ்சள் பாலையும் அதையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா?

அப்புறம், உங்கள் அத்தைக்கு எப்படி பெட் கிடைத்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குரூப்பில் யாரோ கொரோனாவைப் பற்றி நிறையத் தெரிந்தவர் இருந்ததால் இல்லை. கோவையில் ஒருவர் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார், அல்லது அங்கே வேலை செய்யும் தெரிந்தவருக்குப் போன் செய்தார், இல்லையா? அந்த மே மாதம் முழுக்க இணையத்தில் பெட், ஆக்சிஜன், ரெம்டெசிவிர் என்று நம்பர்கள் மழையாகக் கொட்டின, அதில் பாதி எடுக்காத நம்பர், மீதியில் பாதி ‘நேத்தே தீர்ந்துடுச்சு சார்’. அதற்குள் ஒரு வழக்கம் தானாகவே வந்தது. தன்னார்வலர்கள், பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள், ஒவ்வொரு நம்பரையும் தாங்களே கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ‘சரிபார்த்தது, காலை 10.40’ என்று நேரத்தோடு போட ஆரம்பித்தார்கள். தீர்ந்துபோனால் பழைய பதிவை அழித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்தது இல்லை அது. நேரம் போடாத செய்தியால் ஒரு ஆம்புலன்ஸ் நாலு ஆஸ்பத்திரி சுற்றும் என்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. என்னைக் கேட்டால் அந்தப் பிள்ளைகள் செய்ததுதான் நோய்க்காலத் தகவல் பரிமாற்றம்.

உங்கள் குரூப்பிலும் அது வரட்டும். ‘திருப்பூர் முழுக்க மாத்திரை கிடைக்கவில்லையாம், எல்லோரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்’ என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில், ‘புதன் மாலை 5 மணி, அவிநாசி ரோட்டில் எங்கள் வீட்டுப் பக்கத்து மெடிக்கலில் பாராசிட்டமால் இல்லை, நாளைக்கு வரும் என்றார். வேறு கடையில் யாராவது பார்த்தீர்களா?’ என்று ஒருவர் எழுதினால் அடுத்த பத்து நிமிஷத்தில் மூன்று பேர் தங்கள் கடையைச் சொல்வார்கள். முதல் செய்தி கூட்டத்தைக் கிளப்பும், இரண்டாவது கூட்டத்தைக் கலைக்கும். 2020 ஏப்ரல் கடைசியில் சென்னை, கோவை, மதுரைக்கு நாலு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், மறுநாள் காய்கறி கிடைக்காதோ என்று கோயம்பேட்டுக்கு ஓடிய கூட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிறகு அந்தச் சந்தையிலிருந்து கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று நோய் ஊருக்குத் திரும்பியதும், மே 5-ம் தேதி சந்தையையே மூடியதும் தெரிந்ததுதான்.

ரெம்டெசிவிர் விஷயத்தில் சோகம் வேறு மாதிரி. சென்னை கீழ்ப்பாக்கத்தில் அதை வாங்க ஜனங்கள் ராத்திரியே வந்து வரிசையில் படுத்தார்கள். அந்த மருந்து சாவைக் குறைக்கும் என்பதற்கு அப்போது உறுதியான சான்று கிடையாது, ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. ஆனால் எழுதிக்கொடுத்தது டாக்டர், அலைந்தது குடும்பம். அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. எங்கள் தொழில் அன்று தெளிவாகப் பேசவில்லை.

எங்கள் பக்கத்துப் பேச்சு மாறிக்கொண்டே இருந்தது என்பதையும் சித்தப்பா போன்றவர்கள் கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தில் முதலில் ஆரோக்கியமானவர்களுக்கு மாஸ்க் தேவையில்லை என்றார்கள், 2020 ஜூன் 5-ம் தேதி பொதுமக்கள் துணி மாஸ்க் போடலாம் என்றார்கள். காற்றில் பரவாது என்று மார்ச்சில் அடித்துச் சொன்னார்கள், காற்று வழியாகவும் வரும் என்று தெளிவாக ஒப்புக்கொள்ள ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை நாம் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, காய்கறியை மொட்டை மாடியில் காய வைத்து, ஜன்னலை மட்டும் சாத்தியே வைத்திருந்தோம். புது நோயில் இது மறுபடியும் நடக்கும். முதல் மாதம் சொல்வது மூன்றாம் மாதம் மாறும். மாறினால் முன்னது சதி என்றும் இல்லை, பின்னது வேதம் என்றும் இல்லை. குரூப்பில் அரசு அறிவிப்பைப் போடும்போதும் ‘இன்றைய தேதிக்கு இவர்கள் சொல்வது’ என்று தேதியோடு போடுங்கள், மாறும்போது அதே ஆள் மாற்றத்தையும் போடட்டும். ‘அரசு சொல்லிவிட்டது, இனி யாரும் பேசக் கூடாது’ என்று போட்டால் மாறுகிற அன்றைக்கு உங்களைத்தான் கேட்பார்கள்.

செய்தியைப் பரப்புவது பற்றியே எல்லோரும் பேசுகிறோம், மறைப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. 2021 மே மாதம் கிராமங்களில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டாலும் ‘டைபாய்டுதான் சார்’ என்றார்கள். லேபில் போய் வைடால் டெஸ்ட் எடுப்பார்கள், அது முன்னபின்ன பாசிட்டிவ் காட்டும், ஐந்து நாள் ஊசி போடுவார்கள், ஆறாம் நாள் மூச்சு வாங்கும்போதுதான் கொரோனா என்பது வெளியே வரும். ஏன் மறைத்தார்கள்? 2020-ல் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியதையும் தகர ஷீட் அடித்ததையும் பார்த்தவர்கள் அவர்கள். சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் ஆம்புலன்ஸையே அடித்தார்கள், புதைத்த இடத்திலிருந்து நோய் பரவும் என்ற வதந்தியால். அதைப் பார்த்த பிறகு, வீட்டில் ஒருவருக்கு இருமல் என்றால் யார் வெளியே சொல்வார்கள்?

உங்கள் குரூப்பில் இதற்கு ஒரு வழி செய்யலாம். யாருக்காவது காய்ச்சல் என்று வந்தால் ‘எங்கே போனீங்க, யார்கிட்ட ஒட்டிக்கிச்சு’ என்ற விசாரணை வரக் கூடாது. முதலில் வர வேண்டிய கேள்வி, ‘சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க, யார் கொண்டு வரணும்?’ இதை முதல் தடவை நீங்களே கேட்டுவிட்டால் மற்றவர்கள் தானாகப் பழகிக்கொள்வார்கள். சொன்னால் திட்டு விழாது, சாப்பாடு வரும் என்று தெரிந்த குடும்பத்தில் இரண்டாம் நாளே செய்தி வெளியே வந்துவிடும், இரண்டாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சித்தப்பா விஷயம். குரூப்பில் எல்லோர் முன்னாலும் அவர் அனுப்பியதைத் தப்பு என்று சொல்லியிருந்தால் அது தகவல் சண்டை இல்லை, மரியாதைச் சண்டை ஆகிவிட்டது. அதைத் தகவலால் தீர்க்க முடியாது. தனியாகப் போன் செய்யுங்கள், மெசேஜ் வேண்டாம். ‘சித்தப்பா, நான் பண்ணினது தப்பு, பெரியப்பாவுக்கு ஆனதை நினைச்சுப் பயந்துட்டேன்’ என்று ஆரம்பியுங்கள், உண்மையும் அதுதானே. பிறகு ஒரு வேலை கொடுங்கள். வயதானவர்கள் ஃபார்வர்டு அனுப்புவதில் பாதி, குடும்பத்துக்கு நான் உபயோகமாக இருக்கிறேன் என்று காட்டத்தான். அவர் என்ன உத்தியோகம் பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும், தனியாக இருக்கும் பெரியவர்கள் ஐந்தாறு பேருக்குத் தினம் சாயங்காலம் போன் செய்து விசாரிப்பது, சுகாதாரத் துறையின் அன்றைய அறிவிப்பைத் தேதியோடு குரூப்பில் ஒரே ஒரு தடவை போடுவது, இந்த இரண்டையும் அவரிடம் விடுங்கள். 2020-ல் தினமும் மாலை நம் சுகாதாரத் துறை எண்ணிக்கை சொல்லும்வரை காத்திருந்தோமே. எண்ணிக்கை பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு நேரத்துக்கு வரும் என்று தெரிந்ததால் நடுவில் கொஞ்சம் வேறு வேலை பார்க்க முடிந்தது. 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது கேரளத்திலும் இப்படித்தான் தினம் உட்கார்ந்து சொன்னார்கள். உங்கள் வீட்டில் அந்த வேலையைச் சித்தப்பா செய்யட்டும்.

நீங்கள் ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்ப்பது. இதற்கு நோட்டிஃபிகேஷனை அணையுங்கள், போனை ஹாலில் சார்ஜ் போடுங்கள் என்றெல்லாம் சொல்லலாம், செய்யுங்கள், பலன் உண்டு. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் நீங்கள் செய்தி படிக்க முழித்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு மருந்துச் சீட்டு வந்துவிடுமோ என்று காவல் இருக்கிறீர்கள். 74 பேரின் உடம்புக்கு ஓர் அட்மின் பொறுப்பு இல்லை. அந்தச் சீட்டு அன்று வராமல் இருந்திருந்தாலும் பெரியப்பாவுக்கு வேறு நாலு பேரிடமிருந்து வந்திருக்கும், அந்த மாதம் அப்படி. இன்னும் இரண்டு பேரை அட்மின் ஆக்குங்கள், சிங்கப்பூரில் இருப்பவர்களில் ஒருவர் இருந்தால் அவர்கள் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும், நீங்கள் எழுவதற்குள் அவர் ஒரு பார்வை பார்த்துவிடுவார். சொந்தத்தில் நர்ஸோ மருந்தாளுநரோ இருந்தால் இன்னொருவர் அவர். இதையும் மீறித் தூக்கம் வராமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், படபடப்பு, பசியின்மை என்று வந்தால் 104-க்குப் பேசலாம், இல்லை 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசலாம், இரண்டிலும் மனநல ஆலோசனை தருகிறார்கள், காசு கிடையாது.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர், ஆக்சிஜன் அளவைப் பார்க்க வேலை செய்யும் பேட்டரியோடு ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கட்டும். மூச்சு சம்பந்தப்பட்ட எந்தப் புது நோய் வந்தாலும் முதல் வாரத்தில் உங்களுக்கு உதவப்போவது இவைதான். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இல்லாமல், கை சூடாக இருக்கும்போது, எண் நிலையாக நிற்கும்வரை பார்க்க வேண்டும். 94-க்குக் கீழே போனால் குரூப்பில் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருக்காமல் 108.

சித்தப்பாவிடம் பேசிய பிறகு குரூப்பைத் திறங்கள், பேசுவதற்கு முன்னால் வேண்டாம். திறக்கும்போது போட ஒரு செய்தி எழுதித் தருகிறேன், உங்கள் வீட்டுப் பேச்சுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்:

‘எல்லாருக்கும் வணக்கம். குரூப்பை மறுபடி திறந்தாச்சு. நேரில் பார்த்ததைப் போடும்போது ஊர், நாள், நேரம் சேர்த்துப் போடுங்க. கேள்விப்பட்டதா இருந்தா, இது உண்மையான்னு கேட்டுப் போடுங்க, தெரிஞ்சவங்க பதில் சொல்லட்டும். மருந்துச் சீட்டு மட்டும் யாரும் போட வேண்டாம், காரணம் நம்ம எல்லாருக்கும் தெரியும். யாருக்கு உடம்பு முடியலைன்னாலும் உடனே சொல்லுங்க, சாப்பாடு வரும், கேள்வி வராது. தினமும் அரசு அறிவிப்பைச் சித்தப்பா போடுவார்.’

கடைசி வரியைச் சித்தப்பா ஒத்துக்கொண்டால் மட்டும் போடுங்கள்.